பல் முளைக்கும் குழந்தைக்கு வீட்டில் பிஸ்கட்: ராகியில் செய்தால் ஏன் உடைகிறது?

இளந்தளிர்_அம்மா (ஈரோடு)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு மாதம் முடிந்து பத்து நாள் ஆகிறது. கீழே இரண்டு பல் வந்துவிட்டது, மேல் ஈறு நன்றாக வீங்கி வெள்ளைக் கோடு மாதிரி தெரிகிறது. கையில் எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகிறது, நடைவண்டிக் கட்டை, என் தாலிக்கொடி, கையில் போட்டிருக்கும் வசம்பு வளையல் எல்லாம். ராத்திரி இரண்டு முறை எழுந்து அழுகிறாள்.

என் மாமியார் கடையில் வாங்கிய பிஸ்கட்டைப் பாலில் நனைத்து ஊட்டுவார். அவர் பாசத்தில்தான் செய்கிறார், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரு நாள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், மைதா, அடுத்தது சர்க்கரை, அதற்கடுத்தது பாமாயில். எட்டு மாதக் குழந்தைக்கு இது வேண்டாம், நாமே செய்துவிடுவோம் என்று முளைகட்டிய ராகி மாவு ஒரு கப், ஒரு பழுத்த பூவன் பழம், மூன்று ஸ்பூன் நெய், கொஞ்சம் பேக்கிங் பவுடர் சேர்த்துப் பிசைந்து, கனமான சட்டியில் உப்பைப் பரப்பி மூடி வைத்து வேகவைத்தேன். பார்க்க அழகாக வந்தது, வாசனையும் நன்றாக இருந்தது.

கொடுத்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கீழ்ப்பல்லால் கடித்ததில் நகம் அளவுக்கு ஒரு துண்டு உடைந்து வாய்க்குள் போய்விட்டது. இருமினாள், முகம் சிவந்துவிட்டது. நான் விரலை விட்டு எடுத்துவிட்டேன், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு அன்று முழுக்கக் கை நடுக்கம் நிற்கவில்லை. அதற்கப்புறம் நான்கு நாளாக எதுவும் கொடுக்கவில்லை.

என் கேள்வி இதுதான். அது ஏன் அப்படி உடைந்தது? எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்? என்னிடம் ஓவன் இல்லை, அடுப்பும் சட்டியும்தான். வெல்லம் சேர்க்கலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

அடுமனை_கோவை

நான் வீட்டில் பேக்கிங் செய்து விற்கிறேன், என் இரண்டு பிள்ளைகளுக்கும் இதைச் செய்து கொடுத்திருக்கிறேன், அதனால் மாவு பக்கம் மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் எடுத்த பொருள் எதுவுமே கெட்டது இல்லை, சேர்ந்த விதம்தான் பிரச்சனை. கோதுமையைப் பிசையும்போது ஒரு இழுவை வருகிறது இல்லையா, சப்பாத்தி மாவை இழுத்தால் அறுந்து போகாமல் நீளுமே, அந்தப் பசைச்சத்து, குளூட்டன், ராகியில் கிடையவே கிடையாது. ராகி மாவைப் பிடித்து வைப்பதற்கு வாழைப்பழத்தின் பிசுபிசுப்பு மட்டும்தான் இருந்தது, சூட்டில் அது காய்ந்ததும் பிடிப்பு போய்விட்டது. அதன் மேல் மூன்று ஸ்பூன் நெய். நெய் அதிகமாகப் போனால் பிஸ்கட் பொரபொரவென்று உதிரும், நாம் நெய் பிஸ்கட்டில் விரும்புவதே அதைத்தான், ஆனால் இங்கே அது ஆகாது. பேக்கிங் பவுடர் உள்ளே காற்றுக் குமிழ் விட்டுவிடும், அந்த ஓட்டைகளில்தான் முதலில் உடையும். மேலும் அதில் சோடியம் இருக்கிறது, குழந்தைக்குத் தேவையே இல்லை.

பல் முளைக்கும் பிள்ளைக்குக் கொடுக்கும் பிஸ்கட் இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று, கடித்தால் உடையவே கூடாது, எச்சில் பட்டுப் பட்டு மேல்புறம் மட்டும் கூழாகக் கரைந்து வர வேண்டும். இல்லையென்றால் வாயில் வைத்ததுமே மெத்தென்று மசிந்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஆபத்து, அதாவது கெட்டியாகவும் இருந்து, துண்டாகவும் உடைகிறது. உங்களுடையது அந்த நடுவில் மாட்டிக்கொண்டது.

கெட்டி வகை நான் செய்வது இப்படி. முக்கால் கப் கோதுமை மாவு, கால் கப் ராகி மாவு, நன்றாகப் பழுத்த சின்ன வாழைப்பழம் இரண்டு, நெய் ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். பழத்தைக் கட்டியே இல்லாமல் மசித்து அதிலேயே மாவைப் போட்டுப் பிசையுங்கள். தண்ணீர் தேவைப்படாது, பழம் சின்னதாக இருந்தால் ஒரு ஸ்பூன் தெளிக்கலாம். பூரி மாவைவிடக் கெட்டியாக வர வேண்டும். பத்து நிமிடம் கை வலிக்கப் பிசைய வேண்டும், அதை மட்டும் குறைக்காதீர்கள், அந்தப் பிடிப்பு வருவதே அங்கேதான். ஈரத்துணி மூடி அரை மணி நேரம் வையுங்கள். அப்புறம் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நம் ஆள்காட்டி விரல் நீளத்துக்குக் கீற்றாக வெட்டி, முனைகளை உருட்டி மழுங்கடித்துவிடுங்கள். குழந்தை கைக்குள் பிடித்தால் மேலே பாதி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் அளவு. வட்டமாகச் செய்தால் அவர்களால் பிடிக்கவும் முடியாது, வாய்க்குள் முழுசாகத் தள்ளப் பார்ப்பார்கள்.

சட்டியில் செய்வதற்கு உங்கள் முறையே போதும். அரை அங்குலம் உப்பு, நடுவில் ஸ்டாண்டு, மூடி வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றிவிட்டு, தட்டை உள்ளே வைத்து அடுப்பைச் சிம்மில் வையுங்கள். இருபது நிமிடம் கழித்துத் திருப்பிப் போட்டு இன்னொரு இருபது நிமிடம். அடுப்பை அணைத்த பிறகு உடனே எடுக்காமல் அந்தச் சூட்டிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், உள்ளிருக்கும் ஈரம் அப்போதுதான் போகும். ஓவன் வைத்திருப்பவர்கள் 150 டிகிரியில் 40 நிமிடம் வைத்து இதே மாதிரி உள்ளேயே ஆற விடலாம். லேசான பொன்னிறம் போதும். கருக விடவே கூடாது, மாவுப் பொருள் அதிகச் சூட்டில் கருகும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது.

ஆறியதும் இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். உங்கள் கைக்கே பட்டென்று ஒடிந்தால் கொடுக்க வேண்டாம். அடுத்து ஒரு முனையைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்துக் கட்டைவிரலால் தேயுங்கள், கூழாக வழிந்து வந்தால் சரி, கட்டியாகப் பெயர்ந்து வந்தால் இன்னும் பிசைய வேண்டும் என்று அர்த்தம்.

---

செவிலி_மதுரை

தங்கச்சி, முதலில் பயப்படாதே. நான் குழந்தைகள் வார்டில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். உன் மகள் இருமினாள், முகம் சிவந்தது என்று எழுதியிருக்கிறாய், அது அவள் உடம்பே துண்டை வெளியே தள்ளப் பார்த்தது. சத்தம் வருகிறது என்றால் காற்று போகிறது. அந்த நேரத்தில் நாம் பக்கத்தில் இருந்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அவளே இருமித் துப்ப விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல் விட்டுத் தேடக் கூடாது, அது உள்ளே தள்ளிவிடும். வெளியே நன்றாகத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம்.

சத்தமே வராமல் போனால்தான் அவசரம். அழ வாயைத் திறக்கிறாள், குரல் வரவில்லை, உதடு நீலமாகிறது என்றால் ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது. குழந்தையை உன் முன்னங்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை நெஞ்சைவிடத் தாழ்வாக இருக்கும்படி தாடையைத் தாங்கிப் பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். வரவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி நெஞ்செலும்பின் மேல் 5 முறை அழுத்த வேண்டும். துண்டு வரும்வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க வேண்டும், கூட இருப்பவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். இது ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு உரிய முறை. உன் மாமியார், வீட்டுக்காரர் எல்லோரும் ஒரு பொம்மையை வைத்துச் செய்து பழகிக்கொள்ளுங்கள், திட உணவு ஆரம்பித்த எல்லா வீட்டுக்கும் நான் இதைச் சொல்வேன்.

கோவை சகோதரி சொன்ன மாவுக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒன்றை நான் சேர்க்க வேண்டும். கெட்டி பிஸ்கட் ஈறால் கடிக்கும் பிள்ளைக்குத்தான் ஒத்துவரும். கீழ்ப்பல் மட்டும் இருக்கும்போது அவர்கள் சுரண்டத்தான் முடியும். மேல்பல்லும் வந்து இரண்டும் சந்திக்க ஆரம்பித்துவிட்டால் கத்தரிக்கோல் மாதிரி, எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் துண்டு எடுத்துவிடுவார்கள். ஆனால் அதை அரைக்கும் கடைவாய்ப் பல் வர ஒரு வயதுக்கு மேல் ஆகும். உன் மகளுக்கு மேல் ஈறு வீங்கியிருக்கிறது என்கிறாய். அதனால் கெட்டி வகை உனக்குக் கொஞ்ச நாள்தான். பல் வெளியே தெரிந்த அன்றே நிறுத்திவிடு.

எப்போது கொடுத்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்துக்கொண்டு, தவழ்ந்துகொண்டு, பைக்கில் முன்னால் உட்கார்ந்து, காரில் போகும்போது, எதுவும் கூடாது. கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகவும் கூடாது.

வெல்லம் கேட்டிருந்தாய். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை எல்லாமே சர்க்கரைதான், இரண்டு வயதுவரை சேர்க்காமல் இருப்பதே நல்லது என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். உப்பு ஒரு வயதுவரை வேண்டாம். தேன் ஒரு வயதுக்குள் தொடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கும், நாம் பிஸ்கட் சுடும் சூட்டில் அந்த வித்து சாகாது. மாவோடு சேர்த்துச் சுட்டால் பரவாயில்லை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

கோதுமையைக் கஞ்சியாகவோ ரவையாகவோ முன்னாடியே கொடுத்திருக்கிறாயா? இல்லையென்றால் பிஸ்கட்டாக முதல்முறை கொடுக்காதே. முதலில் கஞ்சியாகக் கொஞ்சம் கொடுத்து மூன்று நாள் பார். உடம்பில் தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

இன்னொன்று, ஈறில் தடவும் மரப்பு ஜெல் எதையும் வாங்கிவிடாதே. பென்சோகெயின் சேர்த்த ஜெல்லை இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-லேயே எச்சரித்தது, இரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுபோவதையே அது கெடுத்துவிடக்கூடும். பல் முளைக்கும்போது லேசாக உடம்பு வெதுவெதுப்பாக இருக்கலாம், ஆனால் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் அதைப் பல் மேல் போட்டுவிட்டு வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. எங்கள் வார்டுக்கு நீர்ச்சத்து முழுக்க வற்றிப்போய் வரும் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேர் சொல்வது, பல்லுக்குத்தான் போகிறது என்று நினைத்தோம் சிஸ்டர் என்றுதான். கேட்கவே வயிறு எரியும்.

---

நாஞ்சில்_ஆச்சி

மக்களே, எனக்குப் பேரன் பேத்தி ஐந்து பேர். நாகர்கோவில் பக்கம்.

பிஸ்கட் செய்யலாம், நல்லதுதான். ஆனால் பிள்ளை இப்போது கேட்பது சாப்பாடு இல்லை, ஈறு நமைச்சலுக்கு ஒரு கடி. அதற்குச் சுத்தமான வெள்ளைத்துணியை நனைத்துப் பிழிந்து, ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வைத்துக் கையில் கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்க வேண்டாம், ஈறு புண்ணாகும். என் பேத்திக்கு ராத்திரி அழுகையை நிறுத்தியது அதுதான். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு விரலால் ஈறை அமுக்கித் தேய்த்துவிட்டாலும் பிள்ளை அப்படியே அடங்கும்.

மாம்பழக் காலத்தில் சதையெல்லாம் வழித்தெடுத்த பெரிய மாங்கொட்டையைக் கையில் கொடுப்போம், வழுவழுப்பு போகத் துடைத்துவிட்டு, நாம் எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பச்சைக் கேரட்டைக் கடிக்கக் கொடுப்பதை இப்போது நிறைய வீட்டில் பார்க்கிறேன், அது வேண்டாம், பட்டென்று ஒடியும்.

அந்த வசம்பு வளையலை இன்றே கழற்றிவிடு மோளே. எங்கள் காலத்தில் நாங்களும் போட்டோம், உரசி நாக்கில் தடவினோம். இப்போது டாக்டர்கள் வசம்பு வயிற்றுக்குள் போகக் கூடாது என்கிறார்கள், அதைவிட அந்த நூல் நைந்து மணி ஒன்று உதிர்ந்தால் நேரே தொண்டைக்குத்தான்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். அவர் கையாலேயே மாவைப் பிசையச் சொல். கை வலிக்கப் பத்து நிமிடம் பிசைய அவருக்குத்தான் பொறுமை இருக்கும், தான் செய்த பிஸ்கட்டை விட்டுவிட்டுக் கடைப் பிஸ்கட்டை அவரே எடுக்க மாட்டார்.

---

யாழ்_அப்பா (லண்டன்)

எங்கட மகனுக்கு நாங்கள் தவிட்டுப் பாணைத்தான், உங்கட கோதுமை பிரெட், நீளமாக வெட்டி, ஓவனில் குறைஞ்ச சூட்டில் ஒரு மணித்தியாலம் காய வைத்துக் கொடுத்தோம். மாவு பிசைய நேரம் இல்லாத நாட்களுக்கு அது சுகம். ஆனால் பாணில் உப்பு இருக்கும், அதனால் தினமும் இல்லை, எப்போதாவது ஒன்று. ஓரத்துத் தோலை வெட்டி எறிந்துவிடுங்கள், அது ஊறினாலும் கரையாது, இழுவையாக வாயில் ஒட்டும்.

மேற்பல் வரப்போகுது என்று எழுதியிருக்கிறீர்கள், பல் முளைக்கேக்க பிள்ளையின் தலையில் கொட்டுவோமே, அந்தப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிவிட்டீர்களா?

---

தகடூர்_தாய்

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லவில்லை என்பதால். இந்த மாவு பிஸ்கட் பல்லின் இடுக்கில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். கொடுத்து முடித்ததும் தண்ணீர் ஒரு வாய் கொடுத்து, ஈரத்துணியால் பல்லையும் ஈறையும் துடைத்துவிடுங்கள். முதல் பல் வந்ததிலிருந்தே சின்ன பிரஷ் வைத்து ராத்திரியில் தேய்க்க வேண்டும் என்று எங்கள் பல் மருத்துவர் சொன்னார். அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போடலாம் என்கிறார்கள், ஆனால் எங்கள் தர்மபுரி பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். அதனால் இங்கே இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

---

இளந்தளிர்_அம்மா (ஈரோடு)

எல்லோருக்கும் மனசார நன்றி. செவிலி அக்கா, கோதுமை ரவைக் கஞ்சி ஏழாவது மாதத்திலிருந்தே கொடுக்கிறேன், ஒன்றும் செய்யவில்லை. முதுகில் தட்டும் முறையைத் தலையணையை வைத்து நானும் அவரும் நான்கு தடவை செய்து பார்த்தோம். வளையலைக் கழற்றிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். எத்தனை நாள் வைக்கலாம்? சத்துமாவில் செய்யலாமா, வீட்டில் பாதாம், முந்திரி எல்லாம் போட்டு அரைத்தது ஒரு டப்பா இருக்கிறது.

---

அடுமனை_கோவை

பழம் சேர்த்தது என்பதால் வெளியே மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். நன்றாக ஆறிய பிறகு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூட வேண்டும், சூட்டோடு மூடினால் வியர்த்து உள்ளே பூஞ்சை வரும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம், ஃப்ரீசரில் ஒரு மாதம் வைத்திருக்கிறேன். மழை நாளில் நமத்துவிட்டால் சட்டியில் பத்து நிமிடம் மறுபடி காய வைத்து, அதே வளைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்துவிட்டுக் கொடுங்கள். குழந்தை சப்பிய மீதியை எடுத்து வைக்காதீர்கள், எச்சில் பட்டது வீணாகிவிடும்.

சத்துமாவில் பாதி பருப்பும் கொட்டையும் இருக்கும், இழுவையே வராது, மறுபடி உதிரும். பாதாம், முந்திரி, வேர்க்கடலை எல்லாம் தனித்தனியாகப் பொடித்துக் கஞ்சியில் கொடுத்துப் பார்க்காமல், ஒன்பது பொருள் கலந்த மாவில் முதல்முறை கொடுத்தால், ஏதாவது ஒத்துக்கொள்ளாதபோது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

செவிலி அக்கா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், மேல்பல் வந்த பிறகும் என் மூத்தவனுக்கு நான் கெட்டி பிஸ்கட் கொடுத்தேன், அது தவறு என்று இப்போது புரிகிறது. அதற்கப்புறம் என்ன என்றால், மெத்து வகை. அதே பழம், ராகி மாவு, கொஞ்சம் தாய்ப்பாலோ தண்ணீரோ விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கரைத்து, தோசைக்கல்லில் குட்டி ஊத்தப்பம் மாதிரி ஊற்றி இரண்டு பக்கமும் சிம்மில் வேகவைத்து விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கினால் எந்த முயற்சியும் இல்லாமல் நசுங்க வேண்டும். இழுவையே வேண்டாம் என்பதால் ராகி இங்கேதான் சரியாகப் பொருந்தும்.

---

இளந்தளிர்_அம்மா (ஈரோடு)

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். ஆச்சி சொன்னபடி மாமியாரைத்தான் பிசையச் சொன்னேன். பத்து நிமிடம் என்றேன், அவர் கால் மணி நேரம் பிசைந்தார். முதல் தட்டு அடியில் கொஞ்சம் கருகிவிட்டது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுப்பை இன்னும் குறைத்து மறுபடி செய்தோம். வளைத்துப் பார்த்தேன், ஒடியவில்லை. தண்ணீரில் வைத்துத் தேய்த்தேன், பாயசம் மாதிரி வழிந்து வந்தது.

மகளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் கடித்தாள், கை, கன்னம், என் சேலை எல்லாம் கூழ், ஆனால் ஒரு துண்டுகூட உடையவில்லை. முனை மெலிந்து வந்ததும் வாங்கிவிட்டேன். ஐந்து நாள் தினம் ஒன்று கொடுத்தோம். ராத்திரிக்கு ஆச்சியின் குளிர்ந்த துணிதான், இப்போது ஒரு முறைதான் எழுகிறாள்.

முந்தாநாள் காலையில் ஸ்பூனில் டக்கென்று சத்தம் கேட்டது, மேல்பல் எட்டிப் பார்க்கிறது. அன்றே கெட்டி பிஸ்கட்டை நிறுத்திவிட்டேன், இன்று குட்டி ஊத்தப்பம். டப்பாவில் மீதம் இருந்த ஆறு பிஸ்கட்டை என் மாமியார் டீயில் நனைத்துச் சாப்பிடுகிறார், அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

யாழ்ப்பாணத்து அண்ணா, எங்கள் வீட்டில் பல்லுக்கொழுக்கட்டை வழக்கம் இல்லை, ஆனால் நீங்கள் கேட்டதிலிருந்து செய்ய ஆசையாக இருக்கிறது. கொழுக்கட்டையின் வாயில் பல் மாதிரி தேங்காய்ச் சொட்டைக் குத்துவார்கள் என்று கேள்விப்பட்டேன், அவித்த பிறகு குத்துவதா, முன்னாடியே வைத்து அவிப்பதா?

---

யாழ்_அப்பா (லண்டன்)

அவிக்க முதலே வைக்க வேணும் தங்கச்சி, பிறகு குத்தினால் கழன்றுவிடும். பிள்ளையின் தலையில் ஒரு வெள்ளைத்துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு, நன்றாக ஆறிய பிறகு கொட்டுங்கோ. கீழே விழுந்ததை அவ எடுத்து வாயில் வைக்கப் பார்ப்பா, தேங்காய்ச் சொட்டு அவவுக்கு ஆகாது, ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கோ.